நிறுத்தச் சொன்னவர்

“வண்டியை நிறுத்துங்க தம்பி. அவசரம்.”

நான்காம் எண் இருக்கையிலிருந்து அந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் பேருந்து முழுவதும் முணுமுணுத்தது.

“சாப்பாட்டுக்கு நிறுத்தி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலையே!”

“எனக்குச் சர்க்கரை” என்றார் அந்த அம்மாள், சுருக்கமாக.

ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியை ஒதுக்கினான். பின்னால் யார் வருகிறார்கள் என்றும் பாராமல் கட்டடத்தின் பின்புறம் ஓடி, கண்ணில் பட்ட கதவைத் திறந்து உள்ளே புகுந்தான்.

பயணி கேட்டால் மட்டுமே வழியில் நிறுத்தலாம். ஓட்டுநர் தன் விருப்பத்துக்கு நிறுத்தக் கூடாது. இது வண்டிக்குள்ளேயே எழுதி ஒட்டியிருந்த கம்பெனி விதி. அதை மீறியதற்காக இரண்டு மெமோ வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

நான்கு வருஷங்களுக்கு முன், பேருந்தின் பின்பக்க ஏணியில் சாமான் ஏற்றும்போது கால் வழுக்கி, படிக்கம்பியில் கவட்டை மோத விழுந்தான். உள்ளே பட்ட காயம் ஆறியது. ஆறிய தழும்பு சிறுநீர்ப் பாதையைச் சுருக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து முறை விரித்துவிட்டார்கள். ஐந்து முறையும் சில மாதங்களில் அது மறுபடி சுருங்கிக்கொண்டது. வாரம் இரண்டு தடவை தானே மெல்லிய குழாயைச் செலுத்தி, பாதை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எரிச்சலுக்குப் பயந்து, இரண்டு மாதமாக அதையும் விட்டுவிட்டான். மனைவி கேட்டால், “ஆச்சு, ஆச்சு” என்று பொய் வேறு.

சிறுநீர் நூல் போல வந்தது, நின்றது, சொட்டியது. வெளியே யாரோ ஹாரனை அலற விட்டார்கள். எட்டு நிமிடம் கழித்து, பாதி பாரத்தோடு திரும்பி ஓடி வந்தான். அந்த அம்மாள் அவனுக்குச் சற்று முன்னால்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஆளுக்காக எட்டு நிமிஷம்!” என்றார் டை கட்டிய ஒருவர்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினான்.

முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண் இருட்டியது. முற்றிலும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவன் ஒருமுறை அனுபவித்திருக்கிறான். மூன்றாவது மெமோ வந்தாலும் வரட்டும் என்று காலைப் பிரேக்கின் மேல் வைத்தான்.

“தம்பி, நிறுத்துங்க.”

அதே குரல். பேருந்து கொதித்தது.

“இவங்களுக்கு டிக்கெட்டோட ஒரு வாளியும் குடுத்திருக்கணும்!” என்றார் டைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். “டிரைவர், நீங்களாவது சொல்லக் கூடாதா?”

அத்தனை கண்களும் வியர்த்து வழியும் தன் முகத்தில் வந்து நிற்கவே, அவன் பதறிப்போனான்.

“என்னங்க பண்றது? சில பேருக்கு வயசு ஏறுதே ஒழிய, அடக்கத் தெரியறதில்லை” என்று அவனும் சிரித்துவைத்தான்.

அந்த அம்மாள் அவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக அவனை ஒரு தடவை பார்த்தார்.

இந்த முறை பன்னிரண்டு நிமிடம். வந்தவை வெறும் சொட்டுகள்.

கடைசி நிறுத்தத்தில் டைம்கீப்பர் படிவத்தோடு காத்திருந்தார்.

“இருபது நிமிஷம் லேட். மறுபடியும் உன் வேலைதானா?”

“இல்லை சார். நாலாம் நம்பர் சீட். சர்க்கரைன்னு ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னாங்க.”

டைம்கீப்பர் திரும்பினார். அந்த அம்மாள் பையோடு அங்கேயே நின்றிருந்தார்.

“நிஜமாம்மா? இவ்வளவு நேரமும் உங்களாலதானா?”

கழிப்பறைக்குள் அத்தனை நேரம் இருந்தது யார் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். ஓட்டுநரின் கதை முடிந்தது.

“நிறுத்தச் சொன்னது நான்தான். எங்கே கையெழுத்துப் போடணும்?”

“அப்புறம் எங்க வண்டியில உங்களுக்கு டிக்கெட் கிடைக்காது.”

“சரி” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டைம்கீப்பர் நகர்ந்ததும், ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

“மன்னிச்சுக்கங்கம்மா. உங்க சர்க்கரையைப் போய் நான் கிண்டல்…”

“எனக்கு ஏது சர்க்கரை? இருபத்திரண்டு வருஷம் சிறுநீர்ப் பிரிவுல நர்ஸா இருந்தவ நான். சாப்பிட நிறுத்தினப்போ, அவ்வளவு நேரம் உள்ளே இருந்துட்டு வயித்தை அமுக்கிக்கிட்டே வந்து ஏறினீங்களே, அப்பவே புரிஞ்சுபோச்சு. குழாய் போடறதை எப்போ விட்டீங்க?”

“ரெண்டு மாசம் ஆச்சும்மா.”

“வீட்டுக்குப் போகாதீங்க. இப்படியே நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தத் தடவையும் விரிச்சு மட்டும் விடுங்கன்னு கெஞ்சாதீங்க. ஆபரேஷன்தான்னு சொன்னா, தலையை ஆட்டுங்க. மூணு வாரம் டியூபோட இருக்கிறது ஒண்ணும் அவமானம் இல்லை.”

அவனுக்குக் கண் கலங்கியது.

அந்த அம்மாள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரமாக நாலாபக்கமும் பார்த்தார்.

“கிளம்பறதுக்கு முன்னாடி, இங்கே கழிப்பறை எந்தப் பக்கம்னு காட்டிட்டுப் போங்க தம்பி. வழியில ரெண்டு இடத்திலயும் இருந்தது ஒண்ணே ஒண்ணு. உள்ளே நீங்க இருந்தீங்க, தட்ட எனக்கு மனசு வரலை.”