சிவப்பு கக்கிய தொட்டி

உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீராக்கும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே மணல் தொட்டி தண்ணீரிலிருந்து இரும்பைக் கழிக்கும். அதற்கடுத்த சவ்வு உப்பைப் பிரிக்கும்.

மணல் தொட்டிக்கு ஒரே ஒரு சங்கடம். தினமும் காலையில் கழுவிவிடும்போது செக்கச்செவேலென்று கக்கித் தொலைக்கும்.

"ஏண்ணே, இந்த அசிங்கத்தை என் கண்ணு முன்னாலதான் கொட்டணுமா?" என்றது சவ்வு. "கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி வருது. உங்க வயித்துக்குள்ள போய்த்தான் கெட்டுப்போகுது."

"வரும்போது அப்படித்தான் இருக்கும் தம்பி. காத்துப் பட்டாத்தான் இரும்பு நிறத்தைக் காட்டும். அதை நான் பிடிச்சு வச்சுக்கறேன்."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

கிணறு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டபடியே, இரும்பு கரைந்த அதே தெளிந்த தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது.

கூடத்தைக் கவனித்துக்கொண்ட சூப்பர்வைசருக்கும் அதே சந்தேகம். அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீர் ஒரு டம்ளர், தொட்டி கக்கியது ஒரு டம்ளர் என்று பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தொட்டிதான் துருப்பிடிச்சுப் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, தொட்டியைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, கிணற்றிலிருந்து நேரே சவ்வுக்குக் குழாய் போடச் சொன்னார்.

வழியில் காற்றுப் பட்ட இரும்பு படிந்து படிந்து, பத்தாம் நாள் சவ்வு மூச்சடைத்துச் செத்தது. உள்ளும் புறமும் துருவேறிய அதைக் கொண்டுவந்து, காய்ந்து கிடந்த தொட்டியின் பக்கத்திலேயே வீசினார்கள்.

உள்ளே புதுச் சவ்வு வந்து உட்கார்ந்தது. வெளியே எட்டிப் பார்த்து முகம் சுளித்தது.

"நல்லவேளை, இந்த அழுக்குப் பிடிச்சதையெல்லாம் தூக்கிப் போட்டாங்க. இப்ப தண்ணி எவ்வளவு தெளிவா வருது!"