எதிர்வீட்டுச் சுவர்

அனிமேஷன் வகுப்பின் தேர்வுக்காக ஒவ்வொருவரும் கணினியில் ஓர் அறையைக் கட்டி, அதற்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். தேறுகிறவருக்குச் சென்னை ஸ்டுடியோவில் வேலை. அமுதராணி தன் வீட்டு அறையையே கட்டி, ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கும் அக்காவின் உருவத்தை அதில் உட்கார வைத்திருந்தாள். அக்காவின் முகம் பாசி படிந்ததுபோல் பச்சையாக இருந்தது.

“என்னம்மா, இவங்களுக்கு மஞ்சக் காமாலையா?” என்றார் ரொசாரியோ சார்.

“பச்சக் காமாலை, சார்” என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பு சிரித்தது.

“எதிர்வீட்டுச் சுவரு பச்ச, சார். அதுல பட்டுத்தான் எங்க வீட்டுக்குள்ள வெளிச்சமே வரும்.” அவள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் எங்குமே தெரியாத அந்த மூன்று மாடிச் சுவரையும் கட்டி வைத்திருந்தாள்.

சார் திரைக்கருகே குனிந்தார். “சரியாத்தாம்மா பண்ணியிருக்க. ஆனா பாக்குறவங்களுக்குச் சுவரு தெரியாதே, மூஞ்சிதான தெரியும். எடுத்துரு.”

ஒரே சொடுக்கில் சுவர் போயிற்று. படம் கீழிருந்து சதுரம் சதுரமாக மறுபடி உருவாகத் தொடங்கியது. தரையில் வெயில் விழுந்தது. சேலை மடிப்பில் ஏறியது, கழுத்துக்கு வந்தது. அடுத்த சதுரத்தில் அக்காவின் கண்கள் வந்தன. அவை அந்த வெயிலை இமைக்காமல் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன.

அமுதராணி பாதியில் நிறுத்தினாள்.

“ஏய், மறுபடி முதல்லேருந்து வரணும், நேரம் பத்தாது! நல்லாத்தான வருது, விடும்மா!” என்றார் சார்.

“கண்ணு கூசும், சார்” என்றாள் அவள். மடியில் கிடந்த அக்காவின் கையை மெல்ல உயர்த்திக் கண்களுக்கு நிழலாக வைத்தாள்.