துணை மாத்திரை

“ஒன்னு, ரெண்டு, மூணு!” என்று எண்ணி, அன்று காலையும் நானும் என் கணவர் ஆல்வினும் ஒன்றாக மாத்திரையை விழுங்கினோம். நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தோம். கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகக் கிளம்பியவர், பஸ் வருவதற்குள் நிறுத்தத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

ஒன்பது வருடமாக அவருக்கு மனநோய். “மாத்திரையை நிறுத்தினா நோய் திரும்பிடும்” என்று செங்கல்பட்டு டாக்டர் எச்சரித்திருந்தார். இவரோ, “நீயும் போட்டாத்தான் நானும் போடுவேன், ரெபேக்கா” என்று அடம்பிடித்தார். அவருக்காக நானும் போட்டேன்.

போன வருடம் டாக்டர் என்னிடம் கேட்டார்: “மாத்திரையா, மாசம் ஒரு ஊசியா? நீங்களே சொல்லுங்கம்மா.”

“ஊசின்னா இவரு ஊரையே கூட்டிடுவாரு. மாத்திரையே போதும்.”

“பாத்தீங்களா டாக்டர், எம்மேல இன்னா பாசம்!” என்று ஆல்வின் குதித்தார்.

அடக்கம் முடிந்து, மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டாக்டர் ஃபைலை என் பக்கம் திருப்பினார். நோயாளி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

“அவர் போட்டது வெறும் சத்து மாத்திரைம்மா, உங்களைப் போட வைக்கத்தான். சுவர் பேசுதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான். அது அவருக்குக் கேக்கலியேன்னுதான் இங்க இட்டாந்தேன்!”

சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தேன். பிறகுதான் அழுதேன்.

“இனி கூட ஆளில்லையே, ஊசிக்கு மாறிடலாமா?”

“வேணாம் டாக்டர். நான் தவறாம போட்டுக்கறேன். ஊசின்னா எனக்குத்தான் பயம், இன்னமும்.”