சமையல்கட்டில் ஒரு நாற்காலி

புஜைராவில் அந்தப் பெரிய அரபி வீட்டின் சமையல்கட்டு முழுவதும் காயல்பட்டினத்து ருக்கையாவின் பொறுப்பு. தூத்துக்குடி ரோஸ்லின் அவளுக்கு உதவி. அந்த 2000 டிசம்பரில் கிறிஸ்துமஸும் பெருநாளும் அடுத்தடுத்து வந்ததால், இருவருக்கும் பலகாரப் பேச்சுதான்.

“வட்டிலாப்பத்துக்கு எத்தனை முட்டைக்கா?” நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள் ரோஸ்லின்.

“பத்து முட்டை, ஒரு தேங்காயோட கெட்டிப் பால். உன் முந்திரிக்கொத்து பக்குவத்தையும் நீ சொல்லணும்.”

வழக்கம்போல வீட்டு எஜமானி நஜீஹா வந்து, மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவளிடம் இவர்கள் பேசுவது உடைந்த அரபியில்தான்.

“நாம வேலைக்கு வந்த நாள்லேர்ந்து மேடம் தினமும் இங்க வந்து உட்கார்றாங்களே, எதுக்குக்கா?”

“எல்லாம் வேவு பார்க்கத்தான். சமைக்கத் தெரியாதவளுக்கு வேற என்ன வேலை?”

ரோஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ருக்கையா முட்டையை வேகமாக அடிக்கத் தொடங்கினாள்.

“அவ்வளவு அடிக்காதீங்க. நுரைச்சா வட்டிலாப்பத்துல ஓட்டை விழும்.”

குரல் நாற்காலியிலிருந்து வந்தது. தமிழில்!

ருக்கையா முட்டை அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “மேடம்... உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“எங்க உம்மாவுக்கும் காயல்பட்டினம்தான். மௌத்தாகி மூணு வருஷமாச்சு. அப்புறம் நீங்க வர்ற வரைக்கும் இந்த வீட்ல தமிழே கேட்கல.”

“மன்னிச்சிருங்க மேடம். முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா என் முன்னால வாயைத் திறந்திருப்பீங்களா?” என்றாள் நஜீஹா.