ஞாயிற்றுக்கிழமை நாற்காலி

ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் ஞாயிறு மாலை. டி.வி. இருக்கும் வீட்டுக்குச் சினிமா பார்க்கக் கிளம்பிய அனந்தலக்ஷ்மி வாசலில் நின்றாள்.

"எத்தனை நாள்தான் இன்னொருத்தர் ஆத்துத் தரையில உக்காந்து பாக்கறது? தீபாவளிக்கு நாமளே ஒண்ணு வாங்கிடணும்."

"இல்லாமலே நன்னாத்தானே இருக்கோம்?" கணவர் ஜம்புநாதன் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

"ஃப்ரிட்ஜுக்கும் இதையேதான் சொன்னேள்."

அப்போது மாடிவீட்டு ராஜமாணிக்கம் வந்து, வாராவாரம் உட்காரும் நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

"நீங்களாவது இவர்கிட்ட சொல்லுங்கோ. ஒரு டி.வி. வாங்கட்டும்."

"வேண்டாம்மா," என்றார் அவர் பதறிப்போய்.

"நீங்களும் இவர் கட்சியா?"

"கட்சியெல்லாம் இல்லைம்மா. என் வீட்டுல பிளாக்கே உக்காந்து டி.வி. பாக்குது. இங்கேயும் வாங்கிட்டா, நான் எங்கே போய் உக்கார்றது?"