கவுன்சிலர் வந்து தங்கிய வீடு

நகரத்தின் பழைய சாசனத்தைப் புதுப்பித்தபோது ஒரு விதியைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். புகார் தீரும்வரை வார்டு கவுன்சிலர், புகார் கொடுத்தவர் வீட்டில்தான் தங்க வேண்டும். அதுவரை அவருடைய சொந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்காது.

கவுன்சிலர் ஜெபராணிக்கு வந்த முதல் புகாரே குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதுதான். கொடுத்தவள், தேர்தலில் அவளிடம் தோற்றுப்போன செண்பகவல்லி.

பெட்டியோடு வாசலில் நின்றவளைப் பார்த்து, "வாங்க கவுன்சிலரம்மா. குடம் அந்த மூலையில இருக்கு, தண்ணி லாரி வந்தாச்சு," என்றாள் செண்பகவல்லி.

குடம் சுமந்து ஜெபராணிக்கு இடுப்பு விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், அதற்குள் வீட்டுக்குப் போயாக வேண்டுமென்று பொறியாளரைப் போனில் விரட்டியபடியே இருந்தாள். மிச்ச நேரமெல்லாம் யாருக்கு எந்தத் தெரு ஓட்டுப் போட்டது என்று இருவருக்கும் சண்டைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது. இனி 'தீர்ந்தது' என்று செண்பகவல்லி கைபேசியில் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவளோ அடுப்படியை விட்டு நகரவில்லை.

"பாப்பா பார்த்துக்கிட்டே இருப்பாக்கா," என்றாள் ஜெபராணி. அவள் வாயில் அக்கா என்று வந்தது அன்றைக்குத்தான்.

"தெரியும். அவளுக்குத்தான் பாயசம் கிண்டுறேன்." தூக்குச்சட்டியை நீட்டிவிட்டு, செண்பகவல்லி கைபேசியை அழுத்தினாள். "ஆனா அடுத்த தேர்தல்ல நான்தான் ஜெயிப்பேன், பார்த்துக்கோ."

"தாராளமா ஜெயிங்க. அன்னைக்கே எங்க தெருவிளக்கு எரியலைன்னு புகார் குடுப்பேன். பெட்டியைக் கட்டி வச்சுக்கோங்கக்கா."