விக்டோரியா0806

“மூணு நாளா உள்ள நுழையப் பாத்திருக்க. மூணு நாளும் காலைல ஒம்போது பத்துக்கு. ஏளா, ஒனக்கு எம்புட்டு தைரியம் இருக்கும்?”

வெள்ளத்துரை அண்ணாச்சி தட்டிய தட்டில் மேசை மேலிருந்த டீ கிளாஸ் ஓர் அங்குலம் நகர்ந்தது. எதிரே நின்ற விக்டோரியா குழப்பத்தோடு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள வராம எப்படி அண்ணாச்சி வேல பாக்க?”

“ஆபீசுக்குள்ள இல்லளா. சர்வருக்குள்ள.”

துறைமுகத்தில் வந்திறங்கும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரிக்கும் கிளியரிங் ஆபீஸ் அது. காகிதமெல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. போன மாதம் வரை அண்ணாச்சிக்கு அது டீ கிளாஸ் வைக்கக் கூடாத கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். பிறகு ஒரு வீடியோ பார்த்து ‘கிரெப்’ என்ற கட்டளையைக் கற்றுக்கொண்டார். ஒரு சொல்லைக் கொடுத்தால், லட்சம் வரிகளுக்குள் அந்தச் சொல் உள்ள வரியை மட்டும் பொறுக்கி எடுத்து நீட்டும்.

அன்றிலிருந்து பேப்பர் படிப்பதற்கு முன்னால் சர்வரின் லாக்கைப் படிக்கிறார். யார் உள்ளே வந்தார், யாரை உள்ளே விடவில்லை என்று சர்வர் தானே நொடிக் கணக்கோடு எழுதி வைக்கும் பதிவேடு அது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சிவப்பிரகாஷ் இதற்கு ஏன் சந்தோஷப்படவில்லை என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

மானிட்டரை அவள் பக்கம் திருப்பினார். “வாசி.”

“இன்வேலிட் யூசர்... விக்டோரியா... சைபர் எட்டு சைபர் ஆறு.”

“இன்வேலிட் யூசர்னா, இப்படி ஒரு ஆளு நம்மகிட்ட இல்லவே இல்லனு அர்த்தம். பேரு ஒம் பேரு. நம்பரு?” அவளுடைய ஃபைலை எடுத்து, பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டின் நகலில் விரலை வைத்தார். “எட்டாந்தேதி, ஆறாம் மாசம். ஒம் பொறந்த நாளு. வருகைப் பதிவு மெஷின்ல நீ வெரல் வச்ச நேரம், அதே ஒம்போது பத்து. வந்ததும் மொத வேல இதானா?”

“சத்தியமா இல்ல அண்ணாச்சி. எக்செல்ல ரெண்டு கட்டத்தச் சேக்கதுக்கே நான் பக்கத்துல ஆளக் கூப்பிடுவேன்.”

“எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாவ.”

அதற்கு அடுத்த வரிதான் அண்ணாச்சியை நெகிழ வைத்திருந்தது. மூன்று நாளும், எட்டே செகண்டில், சிவப்பிரகாஷ் உள்ளே நுழைந்திருந்தான்.

“பாத்துக்கோ. திருட்டுக் கை பட்ட எட்டாவது செகண்டு, பய ஓடி வந்து நிக்கான்.”

இரண்டு வரியின் கடைசியிலும் புள்ளி வைத்து ஒரு நீள எண் இருந்தது. இரண்டிலும் ஒரே எண்தான். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமாம். அந்தப் பாடத்துக்கு அண்ணாச்சி இன்னும் வரவில்லை.

பாராட்டப்பட்டவன் ஏ.சி.க்கு நேர் கீழே நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். “அண்ணாச்சி, லாக்குல இப்படி ஆயிரம் வரும். விட்ருங்க.”

“ஏலே, ஒனக்கு எளகுன மனசு. நீ பேசாம நில்லு.” அண்ணாச்சி ஃபைலை மூடினார். “நாளைலருந்து வேலைக்கு வர வேண்டாம்ளா. போலீசுக்குப் போவாம விடுதேன்.”

“இந்த வேல கெடைக்க ஒன்றர வருசம் அலைஞ்சேன், அண்ணாச்சி.”

விக்டோரியா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

“அண்ணாச்சி, அப்படி யாரும் நுழையப் பாக்கல,” என்றான் சிவப்பிரகாஷ்.

“பின்ன லாக்கு பொய் சொல்லுதா?”

“சர்வரு மொதல்ல பேரக் கேக்கும். அப்புறம் பாஸ்வேர்டு கேக்கும். நான் உக்காந்து அடிக்க ஆரம்பிக்கையில... ஒம்போது பத்துக்கு அந்தக் கதவு தொறக்கும். நிமிந்து பாத்துட்டு அடிச்சா, கை ஒண்ணத் தாண்டிப் போயிருது.”

“தாண்டி?”

“பேரு கேக்க எடத்துல பாஸ்வேர்ட அடிச்சிட்டேன். மூணு நாளும்.”

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அண்ணாச்சி மானிட்டரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ‘கிரெப்’ கற்றதற்காக முதல் முறையாக வருந்தினார்.

விக்டோரியா திரும்பி வந்தாள். பையைத் தன் மேசையில் வைத்தாள். அண்ணாச்சியை ஏறிட்டும் பார்க்காமல், நேரே சிவப்பிரகாஷிடம் சொன்னாள்.

“அது ஸ்கூல்ல சேக்கதுக்கு எங்கப்பா குடுத்த தேதி. நெசமாப் பொறந்தது நவம்பர் பதினேழு. மாத்திருங்க.”